"சும்மா கொஞ்சம் ரிப்பேர்" பெருஞ்செலவு ஆவது ஏன்? சேலம், நாமக்கல் வீடுகளில் தவறும் கணக்கு

வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் லோடு எம்-சாண்ட் கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் பத்து மூட்டை சிமெண்டு. அதன்மேல் ஒரு பழைய தார்ப்பாய்.

"என்னங்க, வீடு கட்டுறீங்களா?" என்று தெருவில் போகிறவர் கேட்கிறார்.

"இல்லீங்க, சும்மா கொஞ்சம் ரிப்பேருங்க" என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

சேலம் அம்மாப்பேட்டையிலும், செவ்வாய்ப்பேட்டையிலும், ராசிபுரத்திலும், திருச்செங்கோட்டிலும், பரமத்திவேலூரிலும் கேட்கிற பேச்சு இது. மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். மூன்று லட்சத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஆறு லட்சத்தைத் தாண்டியிருக்கும். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். பூச்சு வேலை பாதியில் நிற்கும்.

இதற்கு யார் காரணம்? மேஸ்திரியா? சிமெண்டு கம்பெனியா? அரசாங்கமா? வீட்டுக்காரரா?

எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பங்கு சமமானது அல்ல.

மணல் போன கதை

முதலில் மணலைப் பார்ப்போம்.

நாமக்கல் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் காவிரி ஓடுகிறது. மோகனூரில் நின்று பார்த்தால் அகலமான ஆறு தெரியும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் காவிரி மணலில் எழுந்தவை. மாட்டு வண்டியில் மணல் வரும். வண்டிக் கூலிதான் பெரிய செலவு. மணலுக்கு விலை என்று பேசியதே குறைவு.

அந்தக் காலம் போய்விட்டது. 2003-ம் ஆண்டில் ஆற்று மணல் அள்ளும் வேலையைத் தமிழ்நாடு அரசு தானே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் மணல் ஆற்றைவிட்டு அளவுக்கு மீறிப் போனது. ஆற்றுப் படுகை பள்ளமானது. கரையோரக் கிணறுகளில் நீர் இறங்கியது. கோர்ட்டில் வழக்குகள் வந்தன. 2017-ல் மணல் கிடைக்காமல் மலேசியாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு மணல் வந்தது. காவிரி ஓடுகிற நாட்டுக்குக் கடல் தாண்டி மணல்!

2023 செப்டம்பரில் மத்திய அமலாக்கத்துறையினர் மணல் குவாரிகளில் சோதனை போட்டார்கள். அதன் பிறகு ஆற்று மணல் வருவது மிகவும் சுருங்கிப் போனது.

ஆகவே இன்று வீட்டு வாசலில் கொட்டப்படுவது ஆற்று மணல் அல்ல. கருங்கல்லை உடைத்து அரைத்த மணல். கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட். பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். இதற்கென்று ஒரு தனிக் கொள்கையையே தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் வெளியிட்டது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் கரடு தெரியும். அப்படியானால் இங்கே ஜல்லியும் எம்-சாண்டும் மலிவாகத்தானே இருக்க வேண்டும்?

இருக்கவில்லை. கல்லின் விலை வேறு. அதை உடைத்து, சலித்து, கழுவி, லாரியில் ஏற்றி வாசலில் கொட்டும் விலை வேறு. இடையில் டீசல் இருக்கிறது. மின்சாரக் கட்டணம் இருக்கிறது. வரி இருக்கிறது.

2025 ஏப்ரலில் நடந்தது என்ன?

கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாமா என்ற வழக்கு பல வருஷங்கள் நடந்தது. போடலாம் என்று 2024 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றித் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது.

உடனே ஜல்லி, எம்-சாண்ட், பி-சாண்ட் விலை ஏறியது. கல்குவாரி, கிரஷர் முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லாரிகள் நின்றன. பாதி கட்டிய வீடுகளில் வேலை நின்றது. கொத்தனாரும் சித்தாளும் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். மாத முடிவில் பேச்சு நடந்தது. யூனிட்டுக்கு 1,000 ரூபாய் குறைத்து விற்பதென்று முடிவானதாக அமைச்சர் அறிவித்தார்.

இதில் சாதாரண வீட்டுக்காரர் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வரி போடுவது டன் கணக்கில். ஜல்லி வாங்குவது யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதன் எடை ஏறக்குறைய நாலரை டன். ஆகவே டன்னுக்கு 100 ரூபாய் வரி ஏறினால், யூனிட்டுக்குச் சுமார் 450 ரூபாய் ஏற வேண்டும். அதற்கு மேல் கடைக்காரர் ஏற்றிச் சொன்னால், "மிச்சம் எதற்குங்க?" என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டாலும் விலை கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று. புதிய வீடு கட்டுகிறவர் லாரி லாரியாக வாங்குகிறார். ரிப்பேர் பார்க்கிறவர் அரை யூனிட், கால் யூனிட் என்று வாங்குகிறார். லாரிக்காரருக்கு நடை ஒன்றுதான். அரை யூனிட் கொண்டு வந்தாலும் டீசல் அதே அளவுதான். அதனால் சில்லறையாக வாங்குகிறவர் தலையில் வண்டிக் கூலி இரட்டிப்பாக விழுகிறது. பக்கத்து வீட்டிலும் வேலை நடந்தால் இருவரும் சேர்ந்து ஒரு லோடு இறக்கிக்கொள்வது நல்லது. இதற்குத் தெருவில் ஒற்றுமை வேண்டும். அது சில தெருக்களில் சிமெண்டைவிடக் கிடைப்பது அரிது.

சங்ககிரி சிமெண்டு

சிமெண்டு கதை வேறு மாதிரி.

சேலம் மாவட்டத்துச் சங்ககிரியில் 1963 முதல் சிமெண்டு ஆலை இருக்கிறது. அதை நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆலை வாசலில் இருந்தாலும் சேலத்துக்காரருக்குச் சிமெண்டு மலிவாகக் கிடைப்பதில்லை. பெரிய கம்பெனிகள் விலையை வட்டாரம் வட்டாரமாக வைக்கின்றன. ஆலைக்கு எத்தனை மைல் தூரம் என்று பார்த்து வைப்பதில்லை.

வயதானவர்களுக்கு வேறொரு நினைவு இருக்கும். அந்த நாளில் சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும். வீட்டுக்கு இத்தனை மூட்டை என்று எழுதி வாங்கி, கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் நீங்கியது. இன்று பணம் இருந்தால் பத்து நிமிஷத்தில் மூட்டை வந்து இறங்குகிறது. பணம்தான் பெர்மிட்!

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இது நல்ல செய்தி. ஆனால் எவ்வளவு நல்ல செய்தி?

வரி சேராத விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 28 சதவீத வரியுடன் 384 ரூபாய். இப்போது 18 சதவீத வரியுடன் 354 ரூபாய். மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். ஒரு நடுத்தர வீட்டின் ரிப்பேருக்கு 150 மூட்டை ஆகிறது என்றால் மொத்தம் மிச்சமாவது 4,500 ரூபாய்.

அந்த 4,500 ரூபாய் எங்கே போகிறது தெரியுமா? அடுப்படி மேடையைக் கிழக்குப் பார்த்து மாற்றலாம் என்று வேலையின் நடுவில் ஒருவர் சொல்கிறார். மேடையை உடைக்கிறார்கள். தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார்கள். ஓடு ஒட்டிய சுவரைக் கொத்துகிறார்கள். ஒரே நாளில் வரிச் சலுகை முழுவதும் தீர்ந்துபோய், அதற்கு மேலும் கைப்பணம் போகிறது.

கம்பி, டைல்ஸ், பெயிண்டு ஆகியவற்றுக்கு வரி முன்போல 18 சதவீதம்தான்.

தரையை அளந்து சுவரை மறக்கிறார்கள்

கணக்கு தவறுவதற்கு முதல் காரணம் அளவு.

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. புதிய வீட்டுக்கு அந்தக் கேள்வி ஓரளவு சரி. பழைய வீட்டுக்கு அது சரியாக வராது.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 10 அடி. நீளம் 12 அடி. உயரம் 10 அடி. தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடி. அப்படியானால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. மேல்தளத்தின் அடிப்பக்கம் இன்னொரு 120 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் பூசவும் வெள்ளையடிக்கவும் வேண்டிய பரப்பு தரையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் வருகிறது.

தரையை மனத்தில் வைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்குகிறார்கள். சுவர் வந்து அந்தப் பணத்தைச் சாப்பிடுகிறது.

1,000 சதுர அடி சுவரை அரை அங்குலக் கனத்தில் பூச ஏறக்குறைய 8 அல்லது 9 மூட்டை சிமெண்டும், அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான பி-சாண்டும் தேவை. இது நேரான புதுச் சுவருக்கு உள்ள கணக்கு. பழைய பூச்சைக் கொத்தி எடுத்த சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கனம் கூடும். சாமானும் கூடும்.

இந்த எண்ணிக்கையை வீட்டுப் பிள்ளையே ஒரு நோட்டில் எழுதிவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. அம்மா டேப்பைப் பிடித்துக்கொள்ள, பையன் எழுத, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழு வீட்டையும் அளந்துவிடலாம். சாமான் விலை மாதத்துக்கு மாதம் மாறும். வீட்டின் அளவு மாறாது. அளவு கையில் இருந்தால், மூன்று கடையில் விலை கேட்டுப் பெருக்கிப் பார்ப்பது சுலபம். அளவு இல்லாமல் மேஸ்திரியிடம் போனால், அவர் கண்ணால் பார்த்து ஒரு தொகை சொல்வார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

சுவருக்குள் ஒளிந்திருக்கும் செலவு

பழைய வீட்டின் உண்மையான நிலை பூச்சை உடைத்த பிறகே தெரியும்.

இந்த வட்டாரத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் கருங்கல் கடைக்கால் மேல் நிற்பவை. மேலே செங்கல் சுவர். சில வீடுகளில் செங்கல்லுக்கு நடுவே மண் சாந்து. அதற்கு மேல் நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு. பிறகு வந்த தலைமுறை, ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டது. அதன் மேல் இன்னொரு மாடி எழுப்ப இப்போது ஆசை.

மண் சாந்துச் சுவர் ஓட்டைத் தாங்கும். கான்கிரீட் தளத்தையும் ஒருவேளை தாங்கும். மாடியைத் தாங்குமா என்பதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஓர் என்ஜினீயர் வந்து கடைக்காலைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை வீண் செலவு என்று நினைப்பவர்கள் பலர். கிரகப்பிரவேசப் பந்தலுக்கு அதைவிட அதிகம் கொடுக்கத் தயங்காதவர்களும் அவர்களே.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் விசைத்தறி ஓடுகிற வீடுகள் ஏராளம். இரவு பகலாகத் தறி அதிரும்போது தரையும் சுவரும் அதிர்கின்றன. அங்கே சுவர் வெடிப்பை வெறும் பூச்சினால் மூடினால், வெடிப்பு மறுபடியும் அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். அம்மாப்பேட்டையில் குழித்தறி உள்ள வீடுகளுக்கு வேறு தொல்லை. குழியில் ஈரம் ஏறினால் சுவரில் ஓதம் காக்கும். பெயிண்டு உரிந்துகொண்டே வரும். காரணத்தைத் தீர்க்காமல் வருஷா வருஷம் பெயிண்டு அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

முப்பது, நாற்பது வருஷத்துக் கான்கிரீட் தளங்களில் இன்னொரு நோய் காணப்படுகிறது. தளத்தின் அடிப்பக்கத்தில் பூச்சு கட்டி கட்டியாக விழும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கும். மாடியில் தேங்கிய மழைநீர் இறங்குவது ஒரு காரணம். கட்டும்போது உப்புத் தண்ணீரில் கலவை போட்டது மற்றொரு காரணம். இந்தச் சமவெளியில் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரர்களுக்கே வீடு கட்ட நல்ல தண்ணீரை டேங்கரில் வாங்க வேண்டியிருக்கிறது.

தலைக்கு மேல் உள்ள தளம் முதலில். அதற்குப் பிறகுதான் மற்றவை. மின்சார ஒயரையும் அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன் இரண்டு பல்பு, ஒரு விசிறிக்குப் போட்ட ஒயர், இன்று கிரைண்டர், பிரிட்ஜ், ஏ.சி. எல்லாவற்றையும் சுமக்கிறது. சுவரைக் கொத்திய நிலையில் ஒயர் மாற்றினால் செலவு ஒரு மடங்கு. பூசி, பெயிண்டு அடித்த பிறகு மாற்றினால் மூன்று வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். கக்கூஸ், குளியல் அறைக் குழாய்களுக்கும் இதே சட்டம்.

ஆனால் நடப்பது என்ன? முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் குடும்பத்தோடு போகிறார்கள். குஜராத் மாநிலம் மோர்பியிலிருந்து வந்த பளபளப்பான டைல்ஸ் கண்ணைப் பறிக்கிறது. பணத்தில் பெரும் பகுதி அங்கேயே முடங்குகிறது. ஒயருக்கும் தளத்துக்கும் வரும்போது பை காலியாக இருக்கிறது.

கூலி ஏன் ஏறுகிறது?

ரிப்பேர் வேலையில் கூலியின் பங்கு புதிய வீட்டைவிட அதிகம். ஏனென்றால் இங்கே ஒவ்வொரு வேலையும் இரண்டு வேலை. முதலில் உடைக்க வேண்டும். பிறகு கட்ட வேண்டும். உடைத்த கப்பியை அள்ள வேண்டும். சந்து வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் டிராக்டரில் ஏற்ற வேண்டும். இந்தச் செலவைப் பட்ஜெட்டில் எழுதுகிற வீடு நூற்றில் பத்து இருந்தால் அதிசயம்.

கைதேர்ந்த கொத்தனார்களுக்கு இங்கே கிராக்கி. சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கிலோ மீட்டர். கோயம்புத்தூர் அதைவிடப் பக்கம். அங்கே பெரிய கட்டட வேலைகளில் மாதக்கணக்கில் தொடர்ந்து வேலை கிடைக்கிறது. சேலத்துச் சந்தில் பத்து நாள் பூச்சு வேலைக்கு யார் வருவார்? வருகிறவர் கேட்கிற கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒடிசா, பீகார், மேற்கு வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இல்லாவிட்டால் பல வேலைகள் நின்றே போகும். அவர்கள் பண்டிகைக்கோ தேர்தலுக்கோ ஊருக்குப் போகும்போது அப்படித்தான் நிற்கின்றன.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி ஏறுவதை ஒரு குற்றமாகச் சிலர் பேசுகிறார்கள். அது நியாயம் இல்லை. வெயிலில் சாரத்தின் மேல் நின்று பூசுகிறவருக்கும் அரிசி விலை ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதைவிட, வேலைக்கு வந்த ஆள் சாமான் இல்லாமல் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான். பி-சாண்ட் வராமல் இரண்டு கொத்தனாரும் மூன்று சித்தாளும் ஒரு நாள் காத்திருந்தால், அந்த ஒரு நாள் கூலியில் பல மூட்டை சிமெண்டு வாங்கலாம்.

ஆடி மாதத்தில் புது வேலை தொடங்க இந்தப் பக்கத்தில் தயங்குவார்கள். மார்கழியிலும் அப்படியே. அதனால் அந்த மாதங்களில் ஆள் கிடைப்பது சுலபம். பூமி பூஜைக்குத்தான் ஆடி ஆகாது. ஒயர் மாற்றுவதற்கும் பூச்சு வேலைக்கும் எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. தள வேலையை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அரசாங்கம் என்ன செய்தது?

ஏழைகளின் வீட்டு ரிப்பேர் அரசாங்கத்தின் பட்ஜெட்டிலும் வந்திருக்கிறது.

கிராமங்களில் அரசுத் திட்டங்களின் கீழ் முன்பு கட்டிக் கொடுத்த வீடுகள் பல, தளம் உதிர்ந்து ஆபத்தான நிலையில் இருந்தன. 2001-க்கு முன் கட்டிய அத்தகைய இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாய் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். பழுது பார்க்கவே முடியாத 25,000 வீடுகளை இடித்துக் கட்ட 600 கோடி ரூபாய் என்று 2025-26 பட்ஜெட் கூறியது. அதை வகுத்தால் வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். குடிசைக்குப் பதில் புதிய வீடு கட்டித் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம்.

ரிப்பேருக்கு 80,000. புதிதாகக் கட்ட இரண்டரை முதல் மூன்றரை லட்சம். அரசாங்கத்தின் இந்தத் தொகைகளில் ஒரு புத்திமதி ஒளிந்திருக்கிறது. எதைப் பழுது பார்ப்பது, எதை இடிப்பது என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். தனியார் வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதில்லை. ரிப்பேர்ச் செலவு, புது வீட்டுச் செலவில் பாதியைத் தாண்டும் என்று தெரிந்தால், அப்போதே நின்று யோசிக்க வேண்டும். பாட்டனார் கட்டிய வீடு என்ற பாசம் பெரிதுதான். அந்தப் பாசத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

மாடி கட்டுவதானால் அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளத்துக்கு மேல் ஒரே மாடி என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். அதையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். வெறும் பூச்சு, பெயிண்டு, தரை மாற்றும் வேலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நகைக் கடன்

பணம் எங்கிருந்து வருகிறது?

பாங்கியில் வீட்டு ரிப்பேர்க் கடன் கிடைக்கும். ஆனால் பட்டா கேட்பார்கள். அனுமதி பெற்ற வரைபடம் கேட்பார்கள். பழைய வீடுகள் பலவற்றுக்கு வரைபடம் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரியாத வீடுகளும் உண்டு. அதனால் நகைதான் கை கொடுக்கிறது.

2026 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ரிசர்வ் பாங்கின் புதிய நகைக் கடன் விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. அதன்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு, 100 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 85 ரூபாய் வரை கொடுக்கலாம். 5 லட்சம் வரை 80 ரூபாய். அதற்கு மேல் 75 ரூபாய். தங்கத்தின் விலையும் ஏறியிருப்பதால் முன்பைவிட அதிகக் கடன் கிடைக்கிறது. அதிகம் கிடைப்பதுதான் ஆபத்து. கேட்காமலே கிடைக்கிற பணம், அவசியம் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு போகும்.

வட்டியைப் பாருங்கள். 3 லட்சம் கடனுக்குப் பாங்கியில் வருஷம் 9 சதவீதம் என்று வைத்தால் வட்டி 27,000 ரூபாய். அதே 3 லட்சத்தைத் தெருவில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. வருஷம் 72,000. இரண்டு வருஷத்தில் 1 லட்சத்து 44 ஆயிரம்! அசல் அப்படியே இருக்கும்.

சம்பளக்காரர்களுக்கு ஒரு சிறு விஷயம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர், தாம் குடியிருக்கும் வீட்டின் ரிப்பேருக்கு வாங்கிய கடனின் வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது இல்லை.

8 லட்சம் ரூபாய் கையில் இருந்தால்

700 சதுர அடி வீடு. கையிருப்பும் கடனும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த வீட்டின் பட்ஜெட் 8 லட்சம் அல்ல. 6 லட்சத்து 80 ஆயிரம்தான். மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். அது சுவருக்குள் ஒளிந்திருக்கிற செலவுக்கு. பூச்சை உடைத்த பிறகு ஒன்றும் வெளிவராவிட்டால், அந்தப் பணத்தில் டைல்ஸ் வாங்கிக்கொள்ளட்டும். யாரும் தடுக்கப்போவதில்லை.

வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு ஆசை சொல்வார்கள். மகனுக்குத் தனி அறை. மருமகளுக்கு மாடுலர் கிச்சன். தாத்தாவுக்கு மேலைநாட்டுக் கக்கூஸ். இந்த மூன்றில் தாத்தாவின் ஆசைக்குத்தான் செலவு மிகக் குறைவு. அவசியமும் அதற்குத்தான் அதிகம். முழங்கால் வலியோடு குந்தி எழ முடியாத முதியவர் வழுக்கி விழுந்தால், ஆஸ்பத்திரிச் செலவு அடுப்படிச் செலவைத் தாண்டிவிடும். ஆனால் குடும்பப் பேச்சில் கடைசியாகக் கேட்கப்படும் குரல் அவருடையது.

மேஸ்திரியிடம் பேசும்போது, "எவ்வளவு ஆகுங்க?" என்று கேட்டால், "பார்த்துச் செஞ்சுக்கலாமுங்க" என்பார். சிமெண்டு, கம்பி எல்லாவற்றையும்விட விலை அதிகமான சொல் இது. எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, பூச்சு எத்தனை கனம், கப்பி அள்ளுவது யார் பொறுப்பு, சாரம் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் சண்டை பாதியாகும். பத்திரம் வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் போதும்.

பணத்தையும் வேலை முடிந்த அளவுக்குக் கொடுத்து வர வேண்டும். முன்பணமாகப் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டால், ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதேபோல் முடித்த வேலைக்குக் கூலியை இழுத்தடித்தாலும் போய்விடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வீட்டுக்குத் திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து நிற்கும். கடைசியில் நூற்றுக்குப் பத்து ரூபாயை நிறுத்தி வைத்து, ஒரு மழை பெய்து தளம் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாம். தம் வேலையில் நம்பிக்கையுள்ள மேஸ்திரி அதற்குச் சம்மதிப்பார்.